நாட்டிங்ஹாம் என்றால் மூக்குச்சளியா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

செமினி ஒட்டுக்கடை எழுதியது:

வணக்கம். நான் மலேசியாவில் செமினியில் காலை நேரத்தில் சாலையோரம் ஒட்டுக்கடை போடுகிறவள். நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு, தோசை, உளுந்து வடை, தே தாரிக் என்கிற ஆற்றிய பால் டீ, அவ்வளவுதான். இங்கே இருக்கும் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் சிலர் மோட்டாரில் வந்து பசியாறிவிட்டுப் போவார்கள். 2005-இல் அந்த வளாகம் இங்கே வந்ததிலிருந்து அந்தப் பெயரைத் தினம் நூறு தரம் கேட்கிறேன். அதற்கு என்ன அர்த்தம் என்று மட்டும் ஒருநாளும் யோசித்ததில்லை.

நேற்று ஈப்போ பையன் ஒருவன் வந்தான். சட்டை முதுகில் கொட்டை எழுத்தில் அந்தப் பெயர். "இது ஊர்ப் பேரா, ஆள் பேரா தம்பி?" என்று சும்மா கேட்டுவைத்தேன். அவன் சிரித்துக்கொண்டே, "ஊர்தான் ஆன்ட்டி. ஆனா முதல்ல அதுக்கு முன்னால ஒரு எஸ் இருந்துச்சாம். ஸ்நாட்டிங்ஹாம். ஸ்நாட்டுன்னா மூக்குச்சளி" என்றான். பக்கத்து மேசையில் நாசி லெமாக் சாப்பிட்டுக்கொண்டிருந்த பெண் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். சம்பலைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், எழுந்து போய்விட்டாள். அரைத் தட்டு மீந்தது.

அவன் என்னைக் கிண்டல் செய்தானா, இல்லை உண்மைதானா? உண்மை என்றால் வெள்ளைக்காரன் எதற்கு ஒரு ஊருக்கு அப்படிப் பேர் வைத்தான்?

இன்னொன்றும் கேட்க வேண்டும். நான் பிறந்தது பாங்கி பக்கம் வெஸ்ட் கண்ட்ரி தோட்டத்தில். அப்பா ரப்பர் மரத்தில் பால்வெட்டு, அம்மா பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகை. அங்கே இரண்டு தமிழ்ப் பள்ளிகள். ஒன்று வெஸ்ட் கண்ட்ரி திமோர், மற்றது வெஸ்ட் கண்ட்ரி பராட். மலாயில் திமோர் கிழக்கு, பராட் மேற்கு. ஆக என் பள்ளிக்கூடத்தின் பேர் "கிழக்கு மேற்கு நாடு". இந்தக் கூத்தை நான் கவனித்ததே கல்யாணம் ஆகி இரண்டு பிள்ளை பெற்ற பிறகுதான்.

எங்கள் பாட்டிக்கு வெஸ்ட் கண்ட்ரி என்று நாக்கு திரும்பாது. "வெஸ்கண்டி" என்பார். அவருடைய அம்மா காலத்தில் ஊரிலிருந்து பாதிப் பேர் கண்டிச்சீமைக்கும் பாதிப் பேர் மலாயாவுக்கும் கப்பல் ஏறினார்களாம். அதனால் இது இரண்டாவது கண்டி, துரைமார் சேர்த்துக்கொண்ட வால்தான் "வெஸ்" என்று சாகும்வரை நம்பினார். நாங்களும் திருத்தவில்லை. திருத்தினாலும் கேட்கிற ஆள் இல்லை அவர்.

இப்போது அந்த ஈப்போ பையன் கிளப்பிவிட்டதில் இருந்து தூக்கம் வரவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பழைய கிராணி எழுதியது:

அம்மா, பையன் சொன்னது பாதி சரி, பாதி குறும்பு.

நான் பத்து தீகா பக்கம் ஈபோர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கு எழுதுகிறவனாக இருந்தவன். தோட்டத்தை மூடுகிற சமயம் துரை பங்களாவில் இருந்த பழைய புத்தகங்களை ஸ்டோருக்குள் கொட்டிவிட்டுப் போனார்கள். கரையான் அரித்தது போக எனக்கு மிஞ்சியது ஒன்று, இங்கிலாந்து ஊர்ப்பெயர்களைப் பற்றியது. மழைநாளில் பால்வெட்டு இருக்காது, செக்ரோல் என்கிற ஆள் பேரேட்டில் எழுதவும் ஒன்றும் இருக்காது. அப்போதெல்லாம் அதைத்தான் புரட்டிக்கொண்டிருப்பேன். இந்த வயதில் ஒருவர் வந்து அதைப் பற்றிக் கேட்பார் என்று நினைக்கவில்லை.

1086-இல் இங்கிலாந்து ராஜா நாடு முழுக்க நிலக்கணக்கு எடுத்தார். டூம்ஸ்டே புத்தகம் என்பார்கள், நம் செக்ரோலுக்குப் பெரியப்பன். அதில் அந்த ஊர் ஸ்நோட்டிங்கெஹாம் என்றுதான் இருக்கிறது. எஸ் இருந்தது உண்மை. ஆனால் ஸ்நாட் என்பது அங்கே சளி இல்லை, ஒரு ஆளின் பெயர். "இங்" என்றால் அவனுடைய ஆட்கள், அவன் வகையறா. "ஹாம்" என்றால் குடியிருப்பு. ஸ்நாட் வகையறா குடியிருந்த இடம், அவ்வளவுதான்.

அப்படியும் ஒரு மனுஷனுக்குப் பேரா என்று கேட்காதீர்கள். என் செக்ரோலில் மூக்கையா மூன்று பேர், மூக்காயி இரண்டு பேர், குப்பம்மா, பிச்சை. முதல் பிள்ளைகள் தங்காமல் போனால் அடுத்த பிள்ளைக்கு மூக்குக் குத்தி அந்தப் பேரை வைப்பது நம் வழக்கம். குப்பையில் புரட்டி எடுத்தால் குப்பன். வெளியாள் அகராதியை வைத்துக்கொண்டு மொழிபெயர்த்தால் நம்மையும் பார்த்துத்தான் சிரிப்பான்.

சரி, எஸ் எங்கே போனது? 1066-க்குப் பிறகு பிரெஞ்சு பேசிய நார்மன்காரர்கள் இங்கிலாந்தை ஆண்டார்கள். சொல்லின் தொடக்கத்தில் எஸ்ஸும் என்னும் ஒட்டிக்கொண்டு வந்தால் அவர்களுக்கு வாயில் நுழையாது. வெட்டிவிட்டார்கள். நமக்கும் அந்த வியாதி உண்டு. நாம் வெட்ட மாட்டோம், முன்னால் ஒரு இகரம் போட்டுக்கொள்வோம். இஸ்கூல், இஸ்டோரு. பிரெஞ்சுக்காரனும் வேறு சொற்களில் அதையே செய்தவன்தான். பள்ளிக்கூடம் அவன் வாயில் எஸ்கோல் ஆகி, பிறகு எஸ்ஸும் உதிர்ந்து எக்கோல் ஆனது. அதனால் ஆயாக் கொட்டகையில் யாராவது "இஸ்கூலு" என்றால் சிரிக்காதீர்கள், பாரிஸிலும் அதே கதைதான்.

அந்த ஊருக்கு ஸ்நாட் வருமுன் வேறு பேர் இருந்தது. 893-இல் அஸ்ஸர் என்ற வேல்ஸ் பாதிரியார் ஆல்ஃபிரட் ராஜாவின் வரலாற்றை எழுதினார். அந்த ஊரைப் பழைய மொழியில் "குகை வீடு" என்று பொருள்படும் பேரால் சொல்வார்கள் என்கிறார். ஊருக்கு அடியில் மணற்பாறையைக் குடைந்த குகைகள் இன்றும் இருக்கின்றன. குகையைச் சொன்ன பேர் போய், ஆளைச் சொன்ன பேர் நின்றுவிட்டது.

நாளை அந்தப் பெண் வந்தால் இதைச் சொல்லுங்கள். நாசி லெமாக்குக்குப் பழுதில்லை.


கெண்ட் பந்திங்கான் எழுதியது:

அக்கா, நான் பந்திங் பையன். இப்போது இங்கிலாந்தில் கெண்ட் மாவட்டத்தில் தாதியாக வேலை. கிராணி ஐயா சொன்ன "ஹாம்" பற்றி ஒன்று. இங்கே கெண்டில் ஹாம் என்றே ஒரு சின்ன ஊர் இருக்கிறது. கொஞ்ச தூரத்தில் சாண்ட்விச் என்ற ஊர். இரண்டுக்கும் வழிகாட்டும் ஒரே கம்பத்தில் மேலே ஹாம், கீழே சாண்ட்விச். ஓய்வு நாளில் பேருந்து பிடித்துப் போய்ப் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். "அங்கேயும் ஒட்டுக்கடைக்குப் போர்டு இவ்வளவு பெருசா?" என்று கேட்டார்.

இந்த ஹாம் குடியிருப்பு இல்லையாம், அது வேறு சொல். நீரோ சேறோ சூழ்ந்த நிலத்தைச் சொல்வது. சாண்ட்விச் என்றால் மணல்மேல் இருக்கும் வியாபாரத் துறை. 18-ஆம் நூற்றாண்டில் அந்த ஊர்ப் பட்டம் தாங்கிய பிரபு ஒருவரின் பேரைத்தான் ரொட்டிக்கு வைத்தார்கள். ஊர் முந்தியது, ரொட்டி பிந்தியது.

அப்புறம் மெய்ட்ஸ்டன் பக்கத்தில் லூஸ் என்று ஒரு ஊர். நான் வேலை பார்க்கும் வார்டில் ஒரு பாட்டி, "நான் லூஸ்" என்று அறிமுகம் செய்துகொண்டபோது இருமல் வருகிற மாதிரி வெளியே ஓடினேன். அவர் ஊரைச் சொல்லியிருக்கிறார். பழைய ஆங்கிலத்தில் அதற்குப் பன்றிக்கொட்டகை என்று பொருள். இதையும் அந்தப் பாட்டிதான் சொன்னார், அதுவும் பெருமையாக.


செமினி ஒட்டுக்கடை எழுதியது:

கிராணி ஐயாவுக்கு ஒரு தே தாரிக் கடன் வைத்திருக்கிறேன், செமினி வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். பந்திங் தம்பி, அந்த லூஸ் பாட்டியை நினைத்து வடைச் சட்டியில் எண்ணெய் காய்வதை மறந்துவிட்டேன்.

ஆனால் ஐயா, என் இரண்டாவது கேள்வி அப்படியே கிடக்கிறது. வெஸ்ட் கண்ட்ரி?


பழைய கிராணி எழுதியது:

மறக்கவில்லை அம்மா. மதியம் பேத்தியைப் பள்ளியிலிருந்து அழைத்துவரப் போயிருந்தேன்.

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையைத்தான் வெஸ்ட் கண்ட்ரி என்பார்கள். டெவன், கார்ன்வால், சாமர்செட் எல்லாம் அதில் சேரும். மழையும் புல்வெளியும் மாடும் நிறைந்த பக்கம். பாங்கியில் கித்தாக் காட்டுக்கு, அதாவது ரப்பர் காட்டுக்கு, அந்தப் பேர் எப்படி ஒட்டியதோ, ஒட்டிய பிறகு தோட்டம் கிழக்கு மேற்கு என்று பிரியும்போது எவனும் பேரைப் படித்துப் பார்க்கவில்லை. அதனால்தான் உங்கள் பள்ளிக்கு அந்தக் கதி.

அந்த அசல் வெஸ்ட் கண்ட்ரியிலும் வேடிக்கை உண்டு. டெவனில் கடலோரமாக பீர் என்று ஒரு ஊர். நம் தோட்டத்து ஆட்கள் கேட்டால் கள்ளுக்கடை வாசலில் இருந்தே டிக்கெட் எடுப்பார்கள். ஆனால் அது பழைய ஆங்கிலத்தில் தோப்பு என்ற சொல். நாம் தோப்பூர் என்கிற மாதிரி. அதே டெவனில் வெஸ்ட்வர்ட் ஹோ! என்று இன்னொரு ஊர். ஆச்சரியக்குறியும் பேரில் சேர்த்தி, நான் போட்டதில்லை. 1855-இல் சார்ல்ஸ் கிங்ஸ்லி அந்தத் தலைப்பில் ஒரு நாவல் எழுதினார், நன்றாக ஓடியது. 1860-களில் அங்கே கடற்கரை விடுதி கட்டிய ஆட்கள் வியாபாரத்துக்காக நாவலின் பேரையே ஊருக்கு வைத்துவிட்டார்கள். இப்போது தாமான் என்கிற வீடமைப்புப் பகுதிகளுக்குப் பேர் வைக்கிறவர்கள் செய்வதை அவர்கள் அப்போதே செய்துவிட்டார்கள்.

இனி நான் உண்மையில் சொல்ல நினைத்தது. உங்கள் பாட்டியின் வெஸ்கண்டியைப் படித்ததும் எனக்கு என் தோட்டத்தின் பேர் ஞாபகம் வந்தது.

ஈபோர் என்பது இங்கிலாந்தில் உள்ள யார்க் நகரத்தின் லத்தீன் பேரைச் சுருக்கியது. யார்க் பேராயர் இன்றும் கையெழுத்துப் போடும்போது ஈபோர் என்றுதான் போடுகிறார். ரோமர்கள் அங்கே கோட்டை கட்டியது கி.பி. 71-இல். ஏற்கெனவே அங்கிருந்த மக்கள் அந்த இடத்துக்கு ஒரு பேர் வைத்திருந்தார்கள். யூ மரங்கள் நிற்கும் இடம் என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். ரோமர் காதில் அது எபோராக்கும் என்று விழுந்தது. ரோமர் போன பிறகு ஆங்கிலேயரின் முன்னோர் வந்தார்கள். அவர்கள் மொழியில் எயோவோர் என்றால் காட்டுப்பன்றி. எபோர் என்று யாரோ சொல்ல, "ஓ, பன்றியா" என்று எடுத்துக்கொண்டு பின்னால் ஒரு விக்கையும் சேர்த்தார்கள். எயோவோர்விக், பன்றித்துறை. 866-இல் வைக்கிங்குகள் பிடித்தார்கள், அவர்கள் வாயில் யோர்விக். அது தேய்ந்து யார்க். மரம் பன்றியாகி, பன்றியும் காணாமல் போய்விட்டது. ஒவ்வொருவனும் தன் காதுக்குப் பழகிய சொல்லைத்தான் அதில் கேட்டான்.

நாம் மட்டும் என்ன? பத்துமலை. மலாயில் பத்து என்றால் கல். பக்கத்தில் ஓடும் சுங்கை பத்து என்ற ஆற்றின் பேர்தான் அந்தக் குகைகளுக்கு வந்தது. நம் காதில் அது எண்ணாக விழுந்தது. உடனே முருகனுக்கு இது பத்தாவது மலை என்று ஒரு கணக்கும் பிறந்தது. தைப்பூசத்தன்று படியேறுகிற ஆளை நிறுத்தி, "ஐயா, அது கல்" என்று சொல்லிப் பாருங்கள்! அதே பத்து என்ற மலாய்ச் சொல் சாலை ஓரத்து மைல்கல்லுக்கும் உண்டு. அங்கே மட்டும் நாம் ஏமாறவில்லை, கட்டை என்று நமக்கே ஒரு சொல் வைத்துக்கொண்டோம்.

எனவே உங்கள் பாட்டி தப்பாகச் சொல்லவில்லை. இன்னும் ஐந்நூறு வருஷம் அவரை விட்டுவைத்திருந்தால் அது வெஸ்கண்டியாகவே வரைபடத்தில் ஏறியிருக்கும்.


பாகான் அஞ்சலை எழுதியது:

நாங்கள் பட்டர்வொர்த்காரர்கள். மலாய்க்காரர்கள் பாகான் என்பார்கள், நாங்களும் வீட்டில் பாகான்தான். 1843 முதல் 1855 வரை கவர்னராக இருந்த பட்டர்வொர்த்தின் பேர் அது என்று பள்ளியில் படித்தோம். அதற்குப் பின்னால் ஏதாவது உண்டா ஐயா? என் தங்கை மகன் அதை "வெண்ணெய்க்கு விலை" என்று மொழிபெயர்த்து வைத்திருக்கிறான்.


பழைய கிராணி எழுதியது:

வெண்ணெய் சரி, விலைதான் தப்பு. அந்தக் கவர்னரின் குடும்பப் பேரே முதலில் ஊர்ப்பேர். லாங்கஷயரில் பட்டர்வொர்த் என்று ஒரு இடம். வொர்த் என்பது பழைய ஆங்கிலத்தில் வேலி அடைத்த இடம். நம் ஊரில் மாட்டை அடைக்கிற பட்டி இல்லையா, அது. வெண்ணெய்ப்பட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள் அம்மா. ஆண்டிப்பட்டி, உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் வைத்தாலும் யாருக்கும் சந்தேகம் வராது.


கிள்ளான் கித்தா எழுதியது:

எல்லாரும் ரசித்து எழுதுகிறீர்கள். எனக்கு மட்டும் எரிகிறது. நம் தாத்தா பாட்டி காட்டை அழித்து மரம் நட்டார்கள். தோட்டத்துக்குப் பேர் யாருடையது? துரையுடையது, துரை ஊருடையது. கேரித்தீவு எட்வர்ட் வேலன்டைன் கேரி என்ற தோட்டக்காரர் பேர். போர்ட் சுவெட்டன்ஹாமை 1972-இல் கிள்ளான் துறைமுகம் என்று மாற்றினார்கள், தெலுக் ஆன்சனை 1982-இல் தெலுக் இந்தான் என்று மாற்றினார்கள். நல்ல வேலை. இந்தத் தோட்டப் பேர்களையும் சேர்த்து மாற்றியிருக்க வேண்டும். அவன் ஊரில் பன்றிக்கொட்டகை என்றால் என்ன, பீர் என்றால் என்ன, நமக்கு என்ன வந்தது?


கெண்ட் பந்திங்கான் எழுதியது:

தம்பி கோபம் நியாயம்தான். ஆனால் பேர் மாற்றுவதிலும் ஒரு வேடிக்கை உண்டு. நம் பக்கம் பத்தாங் பெர்ஜுந்தை இருந்ததே, பெர்ஜுந்தை என்றால் தொங்குவது. பத்தாங் என்றால் தண்டு. சேர்த்துச் சொன்னால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள் என்று 2007-இல் பெஸ்தாரி ஜெயா ஆக்கிவிட்டார்கள். என் சித்தி இன்னும் பழைய பேரைத்தான் சொல்கிறார், பேருந்து நிலையத்தில் உரக்க.

இங்கே டோர்செட்டில் ஷிட்டர்டன் என்று ஒரு சிற்றூர். சாக்கடையாக ஓடிய ஓடையின் கரையில் இருந்த பண்ணை என்று பொருள், நாகரிகமாகச் சொன்னால். ஊர்ப் பலகையை ஆட்கள் திருடிக்கொண்டே இருந்தார்கள். 2010-இல் ஊர்க்காரர்கள் பேரை மாற்றவில்லை. பணம் போட்டு ஒன்றரை டன் கல் வாங்கி, அதில் பேரை வெட்டி நட்டுவிட்டார்கள். முடிந்தால் தூக்கிக்கொண்டு போ என்று.

இன்னொன்று. கிளாஸ்டர்ஷயரில் அப்பர் ஸ்லாட்டர். ஸ்லாட்டர் என்றால் இன்றைய ஆங்கிலத்தில் வெட்டிக் கொல்வது. பழைய சொல் அது இல்லை, சேற்று நிலம். இரண்டு உலகப் போரிலும் போருக்குப் போன அத்தனை பேரும் உயிரோடு திரும்பிய ஊர்கள் இங்கே மிகக் குறைவு. அந்தச் சில ஊர்களில் இந்த அப்பர் ஸ்லாட்டரும் ஒன்று.


செமினி ஒட்டுக்கடை எழுதியது:

கிள்ளான் தம்பி, உன் கோபம் என்னிடமும் இருக்கிறது. ஆனால் நீ எழுதியதைப் படித்துவிட்டு இரவு முழுக்க வேறு ஒன்று ஓடியது.

இவர்கள் சொன்ன பேர்களைப் பார். சேறு, பன்றிக்கொட்டகை, தோப்பு, வெண்ணெய், சாக்கடை. அதெல்லாம் அந்த ஊரில் சேற்றை மிதித்த ஆள் வைத்த பேர். ராஜா வைத்ததில்லை. துரை இங்கே கொண்டுவந்தது அப்படி வைத்த பேரின் நகலைத்தான். அப்படியானால் இங்கே சேற்றை மிதித்தவன் வைத்த பேர் எங்கே என்று யோசித்தேன். இருந்தது. நான் வாயால் சொல்லி வளர்ந்த பேர்கள்.

காலையில் கடையை மூடியதும் காஜாங்கில் இருக்கும் பெரியண்ணனுக்குப் போன் போட்டேன். எழுபது தாண்டியவர், முட்டி வலி, ஆனால் ஞாபகம் கத்தி. கம்பெனி வரைபடத்தில் காடுகளுக்கெல்லாம் நட்ட வருஷமும் நம்பரும்தான். காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கிற பெரட்டுக்களத்தில் மேற்பார்வை பார்க்கும் மண்டோர் நம்பரைத்தான் கூப்பிடுவார். ஆனால் திரும்பி நடக்கும்போது எங்களுக்குள் பேச்சு வேறு. அண்ணன் சொல்லச் சொல்ல நாசி லெமாக் சுற்றுகிற தாளின் பின்னால் எழுதிக்கொண்டேன்.

சேத்துக்காடு. அங்கே அம்மாவின் ஒரு செருப்பு இன்னும் புதைந்து கிடக்கிறது, ஒரு செருப்போடு லயத்துக்கு வந்தவர் மறுநாள் இரண்டாவதையும் எறிந்துவிட்டார். பன்னிமேடு, காட்டுப்பன்றி ஒட்டுப்பால் வாளியைக் கவிழ்க்கிற இடம். முனியாண்டி வளைவு, அங்கே யாரும் தனியாகத் திரும்பமாட்டோம். சீனன் குட்டை. துரை விழுந்த பாலம்.

அப்புறம் அண்ணன் சொன்னார், "மூக்கன் காட்டை விட்டுட்டியே."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எப்படி மறந்தேன்? அப்பா எட்டு வருஷம் மரம் வெட்டியது மூக்கன் காட்டில்தான். விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு அப்பா முன்னால் போவார், நான் பள்ளி விடுமுறையில் வாளியோடு பின்னால் போவேன். விளக்கு வெளிச்சத்தில் அவர் கத்தி மரத்தில் இறங்கும்போது சுருள்சுருளாகப் பட்டை விழும், அந்தக் கோட்டில் பால் ஒரு நூல் மாதிரி ஓடி மங்கில் சொட்டும். "எந்தக் காடு இன்னிக்கு?" என்று பாட்டி கேட்டால் "மூக்கன் காடு" என்பேன். நூறு தரமாவது சொல்லியிருப்பேன், ஒரு தரம்கூட எனக்கு மூக்கு ஞாபகம் வந்ததில்லை. அது பேர், அவ்வளவுதான்.

மூக்கன் யார் என்று அண்ணனைக் கேட்டேன். அப்பாவுக்கும் தெரியாதாம். முதல் நடவில் குழி வெட்டிய ஆள் என்று ஒரு பேச்சு, அந்தக் காட்டில் இடி விழுந்து செத்தவர் என்று ஒரு பேச்சு. கிராணி ஐயா சொன்ன மாதிரி, ஒரு ஸ்நாட் வகையறா எங்களிடமும் இருந்திருக்கிறது.

அந்தக் காடு இப்போது வீடமைப்புப் பகுதி. போன மாதம் அந்தப் பக்கம் போனேன். வாசலில் பளிங்குக் கல்லில் இங்கிலீஷ் பேர், கடைசியில் ஹைட்ஸ் என்று முடிகிறது. சேத்துக்காடும் அதற்குள்தான் இருக்கிறது. மழை பெய்தால் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிறது என்று அங்கே வீடு வாங்கிய என் வாடிக்கையாளர் ஒருவர் புலம்புகிறார். பழைய பேரைக் கேட்டிருந்தால் வாங்கியிருக்க மாட்டார்.

இன்று காலை ஈப்போ பையன் வந்தான். உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன், வைக்கிங் உட்பட. தோசை ஆறிப்போனது, அவன் கவலைப்படவில்லை. "அப்ப எங்க யூனிவர்சிட்டி பேரு மூக்கையாபுரமா ஆன்ட்டி?" என்றான். அதற்குள் அந்தப் பெண்ணும் வந்து நின்றாள். சளி இல்லை அம்மா, ஆள் பேர் என்றேன். இரண்டு பொட்டலம் கட்டச் சொன்னாள், சம்பல் தூக்கலாக.

ஒரு உதவி. வெஸ்ட் கண்ட்ரி திமோரிலோ பராட்டிலோ இருந்தவர்கள் யாராவது இங்கே இருந்தால் உங்களுக்குத் தெரிந்த காட்டுப் பேர்களையும் எழுதுங்கள், என் தாளில் இடம் இருக்கிறது. துரை விழுந்த பாலத்தில் விழுந்தது எந்தத் துரை என்பதும் வேண்டும். அண்ணன் சின்ன துரை என்கிறார், அண்ணி பெரிய துரைதான், மோட்டாரோடு விழுந்தார் என்று அடித்துச் சொல்கிறார். இரண்டு நாளாக அந்த வீட்டில் இதே சண்டை.


பழைய கிராணி எழுதியது:

எந்தத் துரை என்று எனக்குத் தெரியாது அம்மா. தூக்கிவிட்டது கிராணி, அது மட்டும் நிச்சயம்.